"உங்கள் கணினியில் வைரஸ்": அழைப்பு வந்தால் என்ன செய்யலாம்?

"மைக்ரோசாஃப்ட் தொழில்நுட்பப் பிரிவிலிருந்து பேசுகிறோம். உங்கள் கணினியில் வைரஸ் புகுந்திருக்கிறது. உடனே சரிசெய்யாவிட்டால் எல்லாம் அழிந்துவிடும்."

பெரும்பாலும் ஆங்கிலத்தில் வரும் அழைப்பின் சாரம் இதுதான். மைக்ரோசாஃப்ட் இல்லை என்றால் சிங்டெல், ஸ்டார்ஹப், இணையப் பாதுகாப்பு அமைப்பு என்று வேறு பெயரைச் சொல்வார்கள். பெயர் எதுவானாலும் கேட்பது ஒன்றுதான்: "கணினி முன்னால் உட்காருங்கள், நான் சொல்வதைச் செய்யுங்கள்."

அங்கேயே தொலைபேசியை வைத்துவிடலாம். மரியாதைக் குறைவு என்று தயங்க வேண்டாம். நாம் கேட்காமல் மைக்ரோசாஃப்ட் நம்மை அழைப்பதில்லை. அது திரையில் காட்டும் எச்சரிக்கைகளில் தொலைபேசி எண்ணும் இருக்காது.

இணையத்தில் உலாவும்போது திடீரெனத் திரை முழுவதும் சிவப்பாகி, "இந்த எண்ணை அழையுங்கள்" என்று சத்தம் போட்டால் அதுவும் இதே வேலைதான். அது வெறும் இணையப்பக்கம். எஸ்கேப் விசையை அழுத்திப் பிடித்துப் பாருங்கள். அசையவில்லையா, கணினியை அணைத்துவிட்டு மீண்டும் போடுங்கள்.

விவரம் தெரிந்தவர்களும் ஏன் நம்புகிறார்கள்?

மோசடிக்காரர்கள் வெறும் வாய்ப்பேச்சோடு நிறுத்துவதில்லை. "ஆதாரம்" காட்டுகிறார்கள்.

விண்டோஸ் கணினியில் 'ஈவெண்ட் வியூவர்' என்ற பகுதியைத் திறக்கச் சொல்வார்கள். சிவப்பு, மஞ்சள் குறிகளோடு நீண்ட பட்டியல் வரும். "பார்த்தீர்களா? எல்லாம் வைரஸ்!" என்பார்கள். உண்மையில் அது கணினி எழுதிவைக்கும் நாட்குறிப்பு. நன்றாக இயங்கும் புதிய கணினியிலும் அந்தக் குறிகள் இருக்கும்.

இன்னொன்று இதைவிடக் கெட்டிக்காரத்தனமானது. ஒரு கட்டளையைத் தட்டச்சு செய்யச் சொல்லி, 888 என்று தொடங்கும் நீண்ட எண்ணைத் திரையில் வரவழைப்பார்கள். "இது உங்கள் கணினிக்கு மட்டுமே உரிய எண். எங்கள் பதிவில் இருப்பதைப் படிக்கிறேன், சரிபாருங்கள்" என்பார்கள். எண் அப்படியே பொருந்தும்! ஆனால் அது விண்டோஸ் மென்பொருளின் உள்பகுதி ஒன்றின் அடையாள எண். உங்கள் அண்டைவீட்டுக் கணினியிலும் அதே எண்தான் வரும்.

ஆபத்து தொடங்கும் இடம்

அடுத்து, டீம்வியூவர் அல்லது எனிடெஸ்க் செயலியைப் பதிவிறக்கச் சொல்வார்கள். இரண்டுமே சட்டபூர்வமான செயலிகள், அலுவலகங்களில் பயன்படுபவை. அதனால் நச்சுநிரல் தடுப்பு மென்பொருள் எச்சரிக்காமல் போகலாம். அதில் தோன்றும் எண்ணை நீங்கள் சொன்னதும் கணினியின் கட்டுப்பாடு அவர்கள் கைக்குப் போய்விடும்.

பிறகு "சேவைக் கட்டணம்" செலுத்த, அல்லது "பணத்தைத் திருப்பித் தர" இணைய வங்கிக் கணக்கில் நுழையச் சொல்வார்கள். இங்கே ஒரு பழைய தந்திரம் உண்டு. 100 வெள்ளி தருவதாகச் சொல்வார்கள். திரையில் 10,000 வெள்ளி வந்ததுபோல் தெரியும். "ஐயோ, தவறுதலாக அதிகம் அனுப்பிவிட்டேன், என் வேலை போய்விடும், மீதியைத் திருப்பி அனுப்புங்கள்" என்று கெஞ்சுவார்கள். வந்த பணம் வேறெங்கிருந்தும் இல்லை. உங்கள் சேமிப்புக் கணக்கிலிருந்து உங்களது இன்னொரு கணக்குக்கு அவர்களே மாற்றியதாக இருக்கும். அல்லது திரையில் எண்ணை மட்டும் திருத்தியிருப்பார்கள்.

அழைப்புகளைக் குறைக்க முடியுமா?

குறைக்கலாம், முழுவதும் நிறுத்த முடியாது. 'அழைக்காதீர்' பதிவேட்டில் எண்ணைச் சேர்ப்பது விளம்பர அழைப்புகளுக்கே உதவும்; குற்றவாளிகள் அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டா அழைக்கிறார்கள்? ஒவ்வோர் எண்ணாகத் தடுப்பதிலும் பெரிய பயன் இல்லை. நாளை வேறு எண்ணில் வருவார்கள்.

2020 ஏப்ரல் முதல் வெளிநாட்டு அழைப்புகளின் முன்னால் '+' குறி வருகிறது. உள்ளூர் அழைப்பில் அது இருக்காது. குறி இல்லை என்பதற்காக அழைப்பு உண்மையானது என்று எண்ணிவிட வேண்டாம். உள்ளூர் சிம் அட்டைகளும் மோசடிக் கும்பல்களின் கைக்குப் போகின்றன. அதனால்தான் சிம் அட்டையைத் தவறான செயலுக்குக் கொடுப்பது 2025 ஜனவரி முதல் குற்றமாக்கப்பட்டது.

வெளிநாட்டு அழைப்புகளை மொத்தமாகத் தடுக்கும் வசதியைத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தருகின்றன. ஊரில் இருக்கும் உறவினர்கள் சாதாரண அழைப்பில் பேசுபவர்கள் என்றால் அதுவும் தடைபடும். வாட்ஸ்அப் அழைப்புக்குப் பாதிப்பில்லை. தனியாக இருக்கும் முதியோர் வீட்டில் இதைச் செய்துவைப்பது நல்லது என்றே சொல்லலாம். கைத்தொலைபேசியில் ஸ்கேம்ஷீல்ட் செயலியையும் சேர்த்துவிடுங்கள், கட்டணம் இல்லை. சந்தேகம் வந்தால் 1799 என்ற எண்ணை எந்நேரமும் அழைத்துக் கேட்கலாம்.

ஏற்கனவே அனுமதி கொடுத்துவிட்டால்?

முதலில் இணையத் தொடர்பைத் துண்டியுங்கள். வைஃபை கருவியின் மின்னிணைப்பைப் பிடுங்கினாலும் சரி. வங்கியை அழைப்பது அடுத்த வேலை. கணக்கை உடனே முடக்கும் 'கில் சுவிட்ச்' வசதி பெரிய வங்கிகளில் உண்டு. அந்தக் கணினியைத் தொடாமல், வேறு சாதனத்தில் சிங்பாஸ், மின்னஞ்சல், வங்கி மறைச்சொற்களை மாற்றுங்கள். பின்னர் காவல்துறையில் புகார் கொடுங்கள். வெட்கப்பட்டுத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மணிநேரத்திலும் பணம் இன்னும் தூரம் போய்விடும்.

சேமிப்பின் ஒரு பகுதியை இணையம்வழி எடுக்க முடியாதபடி பூட்டிவைக்கும் வசதியை டிபிஎஸ், ஓசிபிசி, யூஓபி வங்கிகள் 2023 நவம்பரில் கொண்டுவந்தன. கணினி பறிபோனாலும் பூட்டிய பணத்தை இணையம்வழி அசைக்க முடியாது.

அம்மாவோ அப்பாவோ மோசடிக்காரரையே நம்பி, பிள்ளைகள் சொல்வதைக் கேட்காமல் போகும் நிலையும் வரும். "அந்தத் தம்பி எவ்வளவு பொறுமையாக உதவி செய்தார் தெரியுமா" என்பார்கள். அப்போது காவல்துறையை நாடுங்கள். 2025 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள சட்டத்தின்கீழ், வேறு வழியில்லாதபோது ஒருவரின் வங்கிப் பரிவர்த்தனைகளை 30 நாள் வரை கட்டுப்படுத்தும்படி காவல்துறை வங்கிகளுக்கு உத்தரவிடலாம். தேவைப்பட்டால் நீட்டிக்கவும் முடியும். பணம் அவர்களுடையதாகவே இருக்கும்.

பணம் போன சில வாரங்களில் இன்னோர் அழைப்பு வரலாம்: "நீங்கள் இழந்த தொகையை மீட்டுத் தருகிறோம், சிறு கட்டணம் மட்டும்." ஏமாந்தவர்களின் எண்கள் கும்பல்களுக்கிடையே கைமாறுகின்றன. பணத்தை மீட்டுத் தருவதற்குக் காவல்துறை கட்டணம் கேட்பதில்லை.