காரைக்குடியில் படிப்பும் பிழைப்பும்

விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று செயலாளர் கேட்டபோது, விடுதிச் சாப்பாடு, பேராசிரியர்களின் பட்டப்பெயர்கள் என்று ஏதாவது எழுதித் தப்பித்துக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் சென்ற செயற்குழுக் கூட்டத்தில் ஒரு பேச்சு வந்தது. நம் சங்கத்தின் கல்வி உதவித்தொகையை இனி "வேலை கிடைக்கும் படிப்பு" படிக்கிற பிள்ளைகளுக்கு மட்டும் கொடுக்கலாம் என்றார்கள். கம்ப்யூட்டரும் வணிகவியலும் பட்டியலில் இருந்தன. தமிழ், வரலாறு, வேதியியல் மூன்றும் இல்லை. நான் வேதியியல் படித்தவன். சுருக்கென்றது. ஆனால் கூட்டத்தில் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான், நம் ஊரில் எந்தக் காலத்தில் எந்தப் படிப்புக்கு வேலை கிடைத்தது என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்தது. அந்தக் கணக்குதான் இந்தக் கட்டுரை.

காரைக்குடியில் கல்லூரி வருவதற்கு முன்னால் படிப்பே இல்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஒரே ஒரு வேலைக்கென்றே அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி ஒரு படிப்பு இருந்தது. திண்ணைப் பள்ளியில் முந்திரி, அரைக்காணி என்று கீழ்வாய் இலக்கம் மனப்பாடம். முந்திரி என்றால் 320-இல் ஒரு பங்கு. அதை வைத்து வட்டியை வாயாலேயே கணக்குப் பார்க்க வேண்டும். அது தேறியதும் பையன் கப்பலேறி ரங்கூனுக்கோ மோல்மேனுக்கோ பினாங்குக்கோ போய், ஒரு கடையில் பெட்டியடிப் பையனாக உட்காருவான். கடையைக் கூட்டுவான், மை காய்ச்சுவான், பேரேட்டைப் பார்த்து எழுதிப் பழகுவான். பிறகு அடுத்தாள், அப்புறம் மேலாள். மூன்று வருஷம் ஒரு கணக்கு. முடித்து ஐந்தொகை கட்டி முதலாளி முன் வைத்துவிட்டு ஊர் திரும்பலாம். படித்த படிப்புக்கும் பார்க்கிற வேலைக்கும் நடுவில் நூலளவு இடைவெளிகூடக் கிடையாது. இன்றைக்குக் கல்வி மந்திரிகள் மேடையில் பேசும் "தொழில் சார்ந்த கல்வி" இதைவிடக் கச்சிதமாக எங்கேயும் நடந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

அந்தக் கச்சிதத்திலேயே கேடும் இருந்தது. 1930-களின் பொருளாதார மந்தத்தில் பர்மா விவசாயிகளால் கடனைத் திருப்ப முடியாமல் போக, ஈடாக வைத்த நிலம் செட்டியார்கள் கைக்கு வந்தது. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் 6 விழுக்காடாக இருந்த அவர்கள் நிலம் 1938-க்குள் 25 விழுக்காடு ஆயிற்று. பணமாக இருக்க வேண்டிய முதல் மண்ணாகிவிட்டது. பின்னாலேயே 1941-இன் கடைசியில் ஜப்பான் படை வந்தது. 1948-இல் சுதந்திரம் பெற்ற பர்மா நிலத்தை நாட்டுடைமை ஆக்கியது. மிச்சம் இருந்ததை 1963-இலும் 1964-இலும் நே வின் அரசு எடுத்துக்கொண்டது.

என் அப்பா அந்த 1964-இல் திரும்பி வந்தவர்களில் ஒருவர். ரங்கூனில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு. எனக்கு அப்போது பத்து வயசு, அக்காவுக்குப் பதின்மூன்று. கப்பலில் வந்து இறங்கினபோது அப்பா கையில் இருந்தது ஒரு தகரப் பெட்டியும் நல்ல கையெழுத்தும்தான். நாற்பத்தெட்டு வயசில் காரைக்குடியில் வேலை தேடினார். பேரேடு எழுதத் தெரியும், பர்மா பாஷை தெரியும், மூன்று மாத வட்டியை வெற்றிலை மடிக்கிற நேரத்துக்குள் சொல்லுவார். ஒருவருக்கும் அது தேவைப்படவில்லை. போன இடத்திலெல்லாம் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் எங்கே என்று கேட்டார்கள். கடைசியில் ஒரு அரிசி மில்லில் கணக்கெழுதப் போனார். சாகிற வரைக்கும் அந்த மில்தான்.

கல்லூரிக் கதைக்கு வருகிறேன். 1947 ஜூலையில் சென்னையில் நடந்த ஒரு கூட்டத்தில் துணைவேந்தர் டாக்டர் ஏ. இலட்சுமணசாமி முதலியார், வசதி உள்ளவர்கள் கல்லூரி தொடங்க முன்வர வேண்டும் என்று கேட்டார். கூட்டத்தில் இருந்த கோட்டையூர் வள்ளல் அழகப்பச் செட்டியார் அங்கேயே எழுந்து, காரைக்குடியில் நான் தொடங்குகிறேன் என்றார். ஆகஸ்டில் காந்தி மாளிகையில் வகுப்பு ஆரம்பமாகிவிட்டது. இது நம்மில் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். அவர் என்ன படித்தவர் என்பதை மட்டும் யாரும் யோசிப்பதில்லை. சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் எம்.ஏ. பிறகு லண்டனில் சட்டம். நடத்தியது பஞ்சாலை, விமானக் கம்பெனி. இலக்கியம் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று அவரிடம் யாராவது கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

அவர் கொடுத்த 300 ஏக்கர் நிலத்திலும் 15 லட்சம் ரூபாயிலும்தான் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம் எழுந்தது. 1948 ஜூலை 25-இல் பண்டித நேரு அடிக்கல் நாட்டினார். 1953 பொங்கலன்று டாக்டர் இராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். மின்முலாம், மின்கலம், உலோக அரிமானம் என்று இந்தியா முழுவதற்கும் வேண்டிய ஆராய்ச்சி இந்த வறண்ட சீமையில் நடந்தது. மண்டபம் கடற்கரையில் இரும்புத் தகடுகளை உப்புக் காற்றில் நிறுத்தி எத்தனை நாளில் துருப்பிடிக்கிறது என்று பார்த்தார்கள்.

ஊர் என்ன நினைத்தது? இத்தனை பெரிய நிலையம் வந்துவிட்டது, இனி வேதியியல் படித்தவன் வெளியூர் போக வேண்டியதில்லை என்று நினைத்தது. அங்கேதான் தப்புக் கணக்கு. ஆராய்ச்சி நிலையம் என்பது தொழிற்சாலை இல்லை. அதற்கு வேண்டியது கொஞ்சம் பேர், அவர்களையும் நாடு முழுவதிலுமிருந்து எடுப்பார்கள். அங்கே கண்டுபிடித்த முறையை வைத்துத் தொழில் நடத்துகிறவர்கள் சென்னையிலும் பம்பாயிலும் இருந்தார்கள். தண்ணீரும் துறைமுகமும் பெரிய சந்தையும் இருக்கிற இடத்தில்தானே ஆலை வரும்? 1971-இலிருந்து மூன்று வருஷம் நான் அந்த வேலியை ஒட்டித்தான் சைக்கிளில் வகுப்புக்குப் போனேன். உள்ளே கால் வைத்ததில்லை.

அப்படியானால் எந்தப் படிப்புக்கு வேலை கிடைத்தது? 1950-களில் ஆசிரியர் படிப்புக்கு. ஊரில் 1950-இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி வந்தது. 1954-இல் காமராஜர் முதலமைச்சரானார். கிராமத்துக்குக் கிராமம் பள்ளிக்கூடம். வரலாறு படித்தவனும் தமிழ் படித்தவனும் பயிற்சி முடித்த கையோடு வேலையில் உட்கார்ந்தார்கள். இன்றைக்குப் பட்டியலில் இடமில்லாத அதே இரண்டு படிப்புகள்தான்! பொறியியல் கல்லூரி 1952-இல் வந்தது. அணைகள் எழும்பிய காலம், எஞ்சினீயருக்குப் பெண் கொடுக்க வரிசை நின்றது. 1966, 67-இல் பஞ்சமும் தொழில் மந்தமும் சேர்ந்து வந்ததும் நாடு முழுக்க எஞ்சினீயர்கள் வேலை இல்லாமல் நின்றார்கள். சேர்க்கையைக் குறைக்கும்படி அரசே சொல்ல வேண்டியதாயிற்று. பி.இ. படித்தவர் எம்ப்ளாய்மெண்ட் எக்ஸ்சேஞ்சில் கார்டைப் புதுப்பிக்க நின்றதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

எங்கள் வீட்டில் முதலில் வேலைக்குப் போனது பட்டம் படித்த நான் இல்லை. அக்காதான். 1968-இல் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தாள். என்னைவிட நல்ல மார்க். பி.யூ.சி. சேர வேண்டும் என்று அப்பாவிடம் ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். "தம்பியைப் படிக்க வைக்கணும்மா, ரெண்டு பேருக்கு முடியாது" என்றார் அப்பா. மறுபேச்சு இல்லை. தெருக்கோடியில் இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சேர்ந்தாள். ஒரு மணி நேரம் மிஷின் தட்ட மாதச் சம்பளம் கட்டினால் போதும். ஆட்சிமொழிச் சட்டம் 1956-இல் வந்து, அலுவலகங்களில் தமிழ்க் கடிதங்கள் மெல்ல மெல்லக் கூடிவந்த சமயம். தமிழ் ஹையர் தேறினவர்கள் குறைவு. அவள் தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் ஹையர். 1972-இல் தேவகோட்டையில் ஓர் அரசு அலுவலகத்தில் தட்டச்சராகப் போனாள். என் இரண்டாம் வருஷ, மூன்றாம் வருஷ ஃபீஸ் அந்தச் சம்பளம்தான். பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி நான் மின்பகுப்பு விதிகளை உரக்கப் படித்துக்கொண்டிருப்பேன். அவள் பஸ்ஸில் வந்த அலுப்போடு பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னொரு தரம் சொல்லு, ஃபாரடே என்ன சொன்னாரு?" என்று கேட்பாள். எனக்காகக் கேட்கிறாள் என்று அப்போது நினைத்தேன்.

பட்டம் வாங்கி மூன்று வருஷம் சும்மா இருந்தேன். 1977-இல் ஒரு வங்கியில் குமாஸ்தா வேலை கிடைத்தது. வேதியியலுக்காக யாரும் எடுக்கவில்லை. 1969-இல் 14 வங்கிகள் நாட்டுடைமை ஆனபோது இந்தியாவில் 8,262 கிளைகள் இருந்தன, 1990-க்குள் 59 ஆயிரத்தைத் தாண்டின. எங்கள் தலைமுறையில் பி.ஏ., பி.எஸ்ஸி. படித்தவர்களை அந்தக் கிளைகள்தான் வாரி எடுத்துக்கொண்டன. தாவரவியல் படித்தவர் கேஷியர், தத்துவம் படித்தவர் மேனேஜர். நம் ஊர் இதில் ஒருவகையில் முன்னோடி என்றும் சொல்லிக்கொள்ளலாம். கானாடுகாத்தான் மு.சித.மு. சிதம்பரம் செட்டியார் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 1937 பிப்ரவரி 10-ஆம் தேதி ஒரே நாளில் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று இடத்திலும் திறக்கப்பட்டதுதானே. அப்பா மட்டும் கடைசி வரைக்கும் அதிசயப்பட்டார். "வட்டிக் கணக்குத் தெரியாதவனை வங்கியில எப்படிடா எடுத்தாங்க?"

முப்பத்தைந்து வருஷ வேலையில் வேதியியல் ஒரே ஒரு தடவை உதவியது. 1981, தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிளை. ஒரு வயதான அம்மாள் சங்கிலி அடகு வைக்க வந்தார். பேரன் ஆஸ்பத்திரியில். அப்ரைசர் உரைகல்லில் லேசாகத் தேய்த்துத் திராவகம் வைத்தார், தங்கக் கோடு அப்படியே நின்றது. கொக்கியின் விளிம்பில் சிவப்பாக ஏதோ தெரிகிற மாதிரி எனக்குப் பட்டது. "ஐயா, அரத்தால ஒரு வெட்டு வெட்டி அதுல வையுங்க" என்றேன். வைத்தார். பச்சையாகப் பொங்கியது. உள்ளே செம்பு, மேலே தடிமனான மின்முலாம். நைட்ரிக் அமிலம் செம்பைத் தின்னும், தங்கத்தைத் தொடாது. ஒரு பாடம் நினைவுக்கு வந்ததற்காக எனக்குள் பெருமைதான். அந்த அம்மாள் முகத்தைப் பார்த்த பிறகு அது போய்விட்டது. யாரோ அவருக்கு அதைத் தங்கம் என்று விற்றிருக்கிறார்கள். மேனேஜர் போலீசுக்குச் சொல்லாமல் விட்டார். நாங்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கையில் கொடுத்து அனுப்பினோம். பேரன் என்ன ஆனான் என்று தெரியாது.

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். 1984-க்குப் பிறகு சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் பெருகின. கம்ப்யூட்டர் என்றாலே அமெரிக்கா என்று இருந்தது. 2001-இல் அங்கே சரிந்ததும் திரும்பி வந்த பிள்ளைகளைப் பார்த்தோம். பிறகு மறுபடியும் ஏறியது. ஒரு காலத்தில் சிபாரிசு பிடித்தாலும் கிடைக்காத மெக்கானிக்கல் இடங்கள் பின்னாளில் கலந்தாய்வில் ஆள் இல்லாமல் காலியாகக் கிடந்தன.

இத்தனைக்கும் நடுவில் காரைக்குடிக்குள்ளேயே இருந்து சம்பாதித்தவர்கள் என்ன படித்தார்கள்? ஆத்தங்குடியில் கண்ணாடி மேல் சாயத்தை ஊற்றித் தளக்கல் வார்க்கிறவர், கண்டாங்கிச் சேலை நெய்கிறவர், கல்யாணத்துக்கு ஆயிரம் பேருக்குச் சமைக்கிற மாஸ்டர், இடித்த வீட்டின் தேக்குத் தூணைச் செப்பம் செய்து விற்கிற பழம்பொருள் கடைக்காரர். இவர்கள் தொழிலுக்கு எந்தக் கல்லூரியிலும் பாடம் இல்லை. கல்லூரியில் பாடம் உள்ளவர்கள் அன்றைக்குக் கப்பல் ஏறினார்கள், இன்றைக்குப் பெங்களூர் பஸ் ஏறுகிறார்கள். 2024-இல் நம் ஊர் மாநகராட்சியும் ஆகிவிட்டது. ராத்திரி எட்டு மணிக்குப் பஸ் நிலையத்தில் போய் நின்று பாருங்கள், பை தூக்கிய பிள்ளைகளின் கூட்டத்தை.

செயற்குழுவுக்கு என் வேண்டுகோள் இதுதான். கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளைக்குக் கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தாராளமாகக் கொடுங்கள். விண்ணப்பத்தில் பாடப்பிரிவைக் கேட்கிற வரியை மட்டும் எடுத்துவிடுங்கள். அதற்குப் பதிலாக, வீட்டில் படிப்பை நிறுத்திய அண்ணனோ அக்காவோ உண்டா என்று ஒரு வரி சேருங்கள். உண்டு என்றால் அவர்களும் விண்ணப்பிக்கலாம், வயசு வரம்பு இல்லை என்று போடுங்கள். முதல் வருஷத் தொகையில் ஒரு பங்கை நான் தருகிறேன்.

இந்தக் கட்டுரையைக் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுத்தது அக்காதான். எழுபத்து நாலு வயசு, பழைய டைப்ரைட்டர் விசைப்பலகையில்தான் அடிப்பாள், இன்னும் தப்பு விழாது. தன்னைப் பற்றிய பத்தியை அடிக்கும்போது ஒன்றும் சொல்லவில்லை. முடித்த பிறகு, "ஃபாரடே ரெண்டாவது விதியை எனக்கு நீ சரியாவே சொல்லிக்குடுக்கலை" என்றாள்.