மரபணு ஒழுங்கமைவும் நாச்சாரம் ஆய்வுகளும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

ஐதராபாத்தின் கிழக்குப் பகுதியில் அமைந்துள்ள நாச்சாரம் தொழிற்பேட்டையால் பெயர்பெற்ற ஊராகும். டி.என்.ஏ. விரற்பதிவு மற்றும் நோயறிதல் மையத்தின் ஆய்வகங்கள் பல ஆண்டுகள் இவ்வூரில் இயங்கின. பின்னர் அம்மையம் உப்பலில் தனக்கெனக் கட்டப்பெற்ற வளாகத்திற்கு இடம்பெயர்ந்தது. நாளிதழ் படிப்போர் இந்நிறுவனத்தைக் குற்ற வழக்குகள், மகப்பேற்றுரிமை வழக்குகள் வாயிலாகவே அறிவர். ஒருவர் இன்னார், இன்னாரின் பிள்ளை என்று ஐயமற நிறுவும் இடம் என்பதே அதனைப் பற்றிய பொதுக்கருத்து. 'மரபணு மாறாத முத்திரை' என்னும் எண்ணத்தை இக்கருத்து வலுப்படுத்தியது. 'அது அவர் டி.என்.ஏ.விலேயே இருக்கிறது' என்று மேடைகளிலும் ஏடுகளிலும் இன்று வழங்கும் தொடருக்கும் இவ்வெண்ணமே அடிப்படை.

ஆயின் அதே ஆய்வகங்களில் இதற்கு மாறான ஓர் உண்மையும் ஆராயப்பட்டு வந்தது. மரபணு இருப்பது வேறு, அது செயற்படுவது வேறு. எப்பொழுது, எவ்விடத்தில், எவ்வளவு செயற்பட வேண்டும், எப்பொழுது நிற்க வேண்டும் என்பதை உயிரணு முழுவதும் சேர்ந்தே முடிவு செய்கிறது என்பதே அவ்வுண்மை. இக்கருத்து உருவான வரலாற்றில் ஐதராபாத், குறிப்பாக நாச்சாரம், பெறும் இடத்தை ஆராய்வதும், அதனால் தமிழ்க் கலைச்சொல்லாக்கத்திற்குக் கிடைக்கும் தெளிவினைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாரிசில் எழுந்த வினா

மரபணு ஒழுங்கமைவு பற்றிய சிந்தனை உணவு பற்றிய ஒரு சிறு வினாவில் தொடங்கியது. இரண்டு வகைச் சர்க்கரைகளைக் கலந்து கொடுத்தால் பாக்டீரியம் இரண்டையும் ஒருசேர உண்பதில்லை. முதலில் குளுக்கோசைத் தீர்த்துவிட்டுச் சிறிது நேரம் வளர்ச்சியின்றி நின்று, அதன் பின்னரே லாக்டோசை உண்ணத் தொடங்குகிறது. ழாக் மோனோ 1941இல் பாரிசில் அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டில் இவ்விருகட்ட வளர்ச்சியை விளக்கினார். இடையில் நின்ற அந்நேரத்தில் பாக்டீரியம் என்ன செய்கிறது என்பதே வினா. லாக்டோசைச் சிதைக்கும் நொதியை அது அப்பொழுதுதான் உண்டாக்குகிறது என்பது விடை.

1961இல் பிரான்சுவா ழாக்கோபும் மோனோவும் இதன் இயங்குமுறையை வெளியிட்டனர். நொதிக்கான மரபணுக்களின் தொடக்கத்தில் உள்ள டி.என்.ஏ. பகுதியில் ஒடுக்கிப் புரதம் ஒன்று அமர்ந்து படியெடுத்தலைத் தடுக்கிறது. லாக்டோசு வந்ததும் அதிலிருந்து விளையும் ஒரு மூலக்கூறு ஒடுக்கியோடு இணைய, ஒடுக்கி விலகுகிறது, மரபணு செயற்படுகிறது. ஒரே ஆணைக்கு உட்பட்ட இத்தகைய மரபணுத் தொகுதிக்கு 'ஆப்பரான்' எனப் பெயரிட்டனர். 1965ஆம் ஆண்டு நோபல் பரிசு இவ்விருவருக்கும் ஆந்த்ரே லுவோபுக்கும் வழங்கப்பட்டது.

இதற்குச் சற்று முன்னரே, 1956இல், வளர்சிதைமாற்றத்தில் வேறொரு வகை ஒழுங்கு கண்டறியப்பட்டிருந்தது. ஒரு வேதிவினைத் தொடரின் இறுதி விளைபொருள் மிகுந்தால் அது திரும்பி வந்து தொடரின் முதல் நொதியையே தடுக்கிறது என்பதை அம்பர்கர் ஒருபுறமும், யேட்சும் பார்டியும் மறுபுறமும் காட்டினர். ஆக, மரபணு நொதியை ஆக்குகிறது. நொதி பொருளை ஆக்குகிறது. பொருள் நொதியையும் மரபணுவையும் தடுக்கிறது அல்லது தூண்டுகிறது. இவ்வட்டத்தில் தலைவன் என ஒன்றைச் சுட்ட இயலாது. தமிழிலக்கணம் பயின்றோர்க்கு இது புதிதன்று. நிலைமொழியின் ஈறும் வருமொழியின் முதலும் சேர்ந்தே புணர்ச்சி விகாரத்தை முடிவு செய்கின்றன. தனிச்சொல்லை மட்டும் நோக்கி அதனைக் கூறிவிட இயலாது. மரபணுவின் நிலையும் இதனை ஒத்ததே.

ஐதராபாத்தில் வேரூன்றல்

ஐதராபாத் வட்டார ஆய்வுக்கூடத்தின் உயிர்வேதியியல் பிரிவிலிருந்து 1977இல் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையம் கிளைத்தது. அதன் முதல் இயக்குநர் புஷ்பமித்ர பார்கவா. நாச்சாரத்திற்கு அண்மையிலுள்ள அப்சிகுடாவில் எழுப்பப்பட்ட அதன் வளாகத்தை 1987 நவம்பர் 26ஆம் நாள் பிரதமர் இராசீவ் காந்தி நாட்டிற்கு அர்ப்பணித்தார். உயிரணு, மூலக்கூறு என்னும் இரண்டையும் பெயரிலேயே இணைத்தது இந்நிறுவனம். அக்காலத்தில் மூலக்கூறு உயிரியல் இந்தியாவின் வேறு சில இடங்களிலும் தழைத்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆர். செயராமன் குழுவினர் 1980களில் ஈ. கோலை பாக்டீரியத்தின் படியெடுத்தலைப் பாதிக்கும் திரிபுகளை ஆராய்ந்தமை இங்கு நினைக்கத்தக்கது.

ஐதராபாத் மையத்தில் இத்துறைக்கு அடித்தளமிட்டவர்களுள் ஜெ. கௌரிசங்கர் ஒருவர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவம் பயின்று, மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். உப்பு மிகுந்த சூழலில் பாக்டீரியம் எவ்வாறு பிழைக்கிறது என்பது அவர் எடுத்துக்கொண்ட வினா. உப்பு நீரில் இட்ட ஊறுகாய்த் துண்டு சுருங்குவதுபோல் உயிரணுவும் நீரிழந்து சுருங்க வேண்டும். அவ்வாறு சுருங்காமல் தன்னுள் பொட்டாசியத்தையும், பின்னர்ப் புரோலின், கிளைசின் பீட்டைன் போன்ற பொருள்களையும் சேர்த்துக்கொண்டு பாக்டீரியம் ஈடுகொடுக்கிறது.

உப்பு மிகும்பொழுது எம்மரபணுக்கள் விழிக்கின்றன என்பதை அறிய அவர் கையாண்ட முறை குறிப்பிடத்தக்கது. பாரிசில் ஆராயப்பட்ட அதே லாக்டோசு நொதி மரபணுவை, அதற்குரிய தொடக்கப் பகுதி இன்றி, பாக்டீரியத்தின் பல்வேறு மரபணுக்களோடு ஒட்டவைத்தார். ஒட்டிய மரபணு செயற்பட்டால் லாக்டோசு நொதியும் உண்டாகும். அதன் அளவே மரபணுச் செயற்பாட்டின் அளவுகோல். ஒரு தலைமுறைக்கு முன் ஆய்வுப் பொருளாக இருந்தது அடுத்த தலைமுறையில் ஆய்வுக் கருவியாயிற்று. பொட்டாசியத்தைக் கொண்டுவரும் 'கேடிபி', புரோலின் முதலியவற்றைக் கொண்டுவரும் 'புரோ-யூ' ஆகியவை உப்புக்கு விடையிறுக்கும் மரபணுக்கள் என்பதை 1985இல் வெளியிட்டார். புரோ-யூ ஆப்பரானின் முழு எழுத்து வரிசையை 1989இல் வெளியிட்டார்.

இதனால் விளைந்த சிக்கலே வரலாற்று நோக்கில் முதன்மையானது. புரோ-யூவின் செயற்பாடு உப்புச் சூழலில் 100 மடங்குக்கு மேல் உயர்கிறது. ஆயினும் லாக்டோசு ஆப்பரானுக்கு வாய்த்ததுபோல் இதற்கென்றே அமைந்த தனியொடுக்கி எதுவும் சிக்கவில்லை. பிறநாட்டு ஆய்வாளர்கள் 1988இல் டி.என்.ஏ. முறுக்கேறும் அளவு இதில் பங்கு பெறுவதைக் காட்டினர். டி.என்.ஏ.வைப் பொதுவாகப் பொதியும் எச்-என்.எசு. புரதமும் இதில் பங்கு பெறுவது தெரியவந்தது. ஒரு மரபணுவுக்கு ஒரு காவலன் என்னும் எளிய படிமம் இங்குப் பொருந்தவில்லை. உயிரணுவின் முழுநிலையே மரபணுவுக்கு ஆணையாகிறது என்பது அறியலாகிறது.

நாச்சாரம்: நிறுத்தமும் ஒழுங்கே

தொடங்குவதைப் பற்றியே உலகம் பெரிதும் ஆராய்ந்துகொண்டிருக்க, நாச்சாரம் ஆய்வகம் நிறுத்துவதைப் பற்றி ஆராய்ந்தது. படியெடுத்தலை இடையில் முடித்துவைக்கும் 'ரோ' என்னும் புரதத்தை 1969இல் செஃப்ரி ராபர்ட்சு கண்டறிந்தார். இயல்பான ஈ. கோலை இது இல்லாமல் வாழ இயலாது. வெறுமனே முற்றுப்புள்ளி வைக்கும் புரதம் இல்லாமற்போனால் உயிர் ஏன் போகவேண்டும்?

இவ்வினாவின் நுட்பம் விளங்கப் பாக்டீரியத்தின் அமைப்பை அறிதல் வேண்டும். பாக்டீரியத்தில் உட்கரு உறை இல்லை. டி.என்.ஏ.விலிருந்து ஆர்.என்.ஏ. படியெடுக்கப்பட்டுக்கொண்டிருக்கும்பொழுதே ரைபோசோம் அதனைப் பற்றிக்கொண்டு புரதமாக மொழிபெயர்க்கத் தொடங்கிவிடுகிறது. ஒருவர் ஏட்டைப் பார்த்து எழுதிக்கொண்டே செல்ல, மற்றொருவர் மை உலருமுன் அதைப் படித்துக்கொண்டே பின்தொடர்வது போன்றது இது.

ஆர். அரிநாராயணனும் கௌரிசங்கரும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், படியெடுத்தலை முறையாக நிறுத்த இயலாத திரிபுகளில் 'ஆர்-கண்ணி'கள் மிகுவதற்கான சான்றுகளைக் காட்டினர். புதிதாக எழுதப்பட்ட ஆர்.என்.ஏ. விலகிச் செல்லாமல் திரும்பித் தன் மூல டி.என்.ஏ.வோடு ஒட்டிக்கொள்வதே ஆர்-கண்ணியாகும். அது டி.என்.ஏ.வின் பிற பணிகளுக்கு இடையூறாகிறது. இதன் தொடர்ச்சியாக, பாக்டீரியங்களில் படியெடுத்தலும் மொழிபெயர்ப்பும் ஏன் இணைந்து நடைபெறுகின்றன என்ற வினாவை 2004இல் அவ்விருவரும் எழுப்பி விடையும் கூறினர். பின்தொடரும் ரைபோசோம் புரதத்தை ஆக்குவதோடு நிற்பதில்லை, புதிய ஆர்.என்.ஏ. டி.என்.ஏ.வோடு ஒட்டாமலும் காக்கிறது. ரைபோசோம் பின்தொடராத ஆர்.என்.ஏ. ஆபத்தானது, ஆகவே அதனை ரோ நிறுத்திவிடுகிறது என்பது அவர்தம் கருத்து. உட்கரு உடைய உயிர்களில் மொழிபெயர்ப்பு உட்கருவுக்கு வெளியே நடப்பதால், ஆர்.என்.ஏ.வைப் பொதியும் புரதங்கள் இக்காவலைச் செய்கின்றன.

இக்கருத்தை 2013இல் வெளிவந்த ஆய்வு மேலும் உறுதிசெய்தது. டி-4 என்னும் நச்சுயிரியிலிருந்து பெறப்பட்ட, ஆர்-கண்ணிகளை அவிழ்க்கும் ஒரு புரதத்தை ஈ. கோலைக்குள் உண்டாக்கியபொழுது, ரோ இல்லாமலே அப்பாக்டீரியம் வாழ முடிந்தது. ரோவின் இன்றியமையாமை எதனால் என்பது இதனால் தெளிவாயிற்று. நிறுத்தம் என்பது செயலின் முடிவு மட்டுமன்று. அது உயிரணுவின் காப்பும் ஆகும்.

வளர்ச்சியில் ஒழுங்கு

பல உயிரணுக்கள் கொண்ட உயிரிகளில் இவ்வொழுங்கு உடலமைப்பாக வெளிப்படுகிறது. பழஈக்கு இரண்டு சிறகுகள். அவற்றின் பின்னே பறக்கும்பொழுது சமநிலை காக்கும் குமிழ்வடிவ உறுப்புகள் இரண்டு. 'அல்ட்ராபைத்தோராக்சு' என்னும் மரபணு அப்பகுதியில் செயலிழந்தால் குமிழ் உறுப்பு சிறகாக மாறும் என்பதை எட்வர்டு லூயிசின் ஆய்வுகள் காட்டின. ஐதராபாத் மையத்தில் எல்.எசு. சசிதரா குழுவினர் 1999இல் வெளியிட்ட ஆய்வு, அம்மரபணு தானே உறுப்பைக் கட்டுவதில்லை, சிறகை உருவாக்கும் செய்தித்தொடரைத் தடுத்தே குமிழ் உறுப்பை உண்டாக்குகிறது என்பதை விளக்கியது. சிறகுக்கான மரபணுக்கள் இரண்டு இடங்களிலும் உள்ளன. ஓரிடத்தில் பேசுகின்றன, மற்றோரிடத்தில் அடங்குகின்றன.

விரற்பதிவிலிருந்து எல்லைக்கல்லுக்கு

டி.என்.ஏ. விரற்பதிவின் இந்திய வரலாறும் இவ்வொழுங்கமைவு வரலாற்றோடு பிணைந்ததே. லால்ஜி சிங் தொடக்கத்தில் ஆராய்ந்தது குற்றவியலை அன்று. பாம்புகளில் ஆண், பெண் வேறுபாடு எவ்வாறு தோன்றுகிறது என்பதையே ஆராய்ந்தார். கட்டுவிரியன் இனப் பாம்பு ஒன்றின் பெண்பால் குரோமோசோமில் திரளும் டி.என்.ஏ.வில், 'காட்டா' என்னும் நான்கெழுத்து மீண்டும் மீண்டும் வருவது கண்டறியப்பட்டது. இத்தொடர் பல உயிரினங்களில் காணப்படுவதாலும், மனிதரிடையே ஆளுக்கு ஆள் வேறுபடும் இடங்களைச் சுட்டுவதாலும் 1980களின் இறுதியில் அடையாளம் காணும் கருவியாயிற்று. 1991இல் திருப்பெரும்புதூரில் நிகழ்ந்த இராசீவ் காந்தி கொலை வழக்கிலும் இம்முறை பயன்பட்டது. பால் வேறுபாட்டைத் தேடிய வினா நீதிமன்றச் சான்றாக மாறியது.

வரலாறு அத்துடன் முடியவில்லை. லால்ஜி சிங்கும் ராகேஷ் மிஸ்ராவும் உள்ளிட்ட குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், அதே காட்டாத் தொடர்கள் பழஈயிலும் மனித உயிரணுக்களிலும் எல்லைக் கூறுகளாகச் செயற்படுவது காட்டப்பட்டது. ஒரு மரபணுவுக்குரிய தூண்டுதல் அடுத்த மரபணுவைச் சென்று சேராமல் வயலுக்கு வரப்புப்போல் அவை தடுக்கின்றன. ஆளை அடையாளம் காட்டும் முத்திரையாக மட்டும் கருதப்பட்ட எழுத்துகள் மரபணுக்களின் ஒழுங்கில் பங்கு பெறுகின்றன என்பது இதனால் பெறப்படும்.

கலைச்சொல் நோக்கு

படியெடுத்தல், மொழிபெயர்ப்பு என்னும் சொற்களை உயிரியல் எழுத்துத் தொழிலிலிருந்தே பெற்றது. ஏட்டுச்சுவடி மரபுடைய தமிழுக்கு இவை இயல்பாகப் பொருந்தின. ஆயின் ஒழுங்கமைவைக் குறிக்கத் தமிழ்ப் பாடநூல்களில் 'கட்டுப்பாடு', 'ஒழுங்குபடுத்தல்', 'நெறிப்படுத்தல்' எனப் பல சொற்கள் வேறுபாடின்றி வழங்குகின்றன. 'கட்டுப்பாடு' என்பது வெளியிலிருந்து ஒருவர் விதிப்பதையும், 'ஒழுங்குபடுத்தல்' என்பது செய்வோன் ஒருவனையும் உள்ளடக்கியன. மேற்கண்ட ஆய்வுகளோ செய்வோன் எனத் தனியொன்று இல்லாத ஒழுங்கையே காட்டுகின்றன. ஆகவே ஒடுக்கி, ரோ போன்ற தனிப்புரதத்தின் செயலுக்கு 'நெறிப்படுத்தல்' என்பதையும், அனைத்தும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் நிலைக்கு 'ஒழுங்கமைவு' என்பதையும் வரையறுத்து வழங்குதல் தகும்.

முடிவுரை

1. மரபணு ஒழுங்கமைவு பற்றிய கருத்து, தனியொடுக்கி என்னும் எளிய நிலையிலிருந்து உயிரணுவின் முழுநிலை என்னும் விரிந்த நிலைக்கு வளர்ந்ததில் ஐதராபாத் ஆய்வுகளுக்குப் பங்குண்டு.

2. படியெடுத்தலின் நிறுத்தமும், அது மொழிபெயர்ப்போடு கொண்ட பிணைப்பும் உயிர்காப்பு முறைகள் என்பதை விளக்கியது நாச்சாரம் ஆய்வகத்தின் தனிச்சிறப்பு.

3. விரற்பதிவுக்குப் பயன்பட்ட தொடரே ஒழுங்கமைவுக் கூறாகவும் அறியப்பட்டமை, மரபணுவை மாறாத முத்திரையாக மட்டும் காணும் பொதுக்கருத்தைத் திருத்துகிறது.

பிறப்பே குணத்தை முடிவு செய்யும் என்ற பழைய எண்ணம் இன்று 'மரபணு' என்னும் புதுச்சொல்லை அணிந்து வருகிறது. அதனை மறுப்பதற்கு உரிய சான்றுகள் மரபணு ஆய்விலேயே உள்ளன. அவற்றைத் தமிழில் முறையாக எழுதிவைப்பது தமிழ்த்துறைகளுக்கும் உரிய கடமையாகும். தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை என்பர். நூல் மட்டுமே சேலையாகிவிடுவதில்லை. பாவும் ஊடையும் கூடும் முறையே சேலை என்பதை நெய்வோர் அறிவர்.