கோணல் விரலும் 14 வருடக் கணக்கும்

'பனியன்' என்றதும் சட்டைக்குள் போடுவதுதானே என்று நினைத்து விடாதீர்கள். இது வேறு பனியன்! கால் பெருவிரல் மற்ற விரல்கள் பக்கமாகச் சாய்ந்து போய், அதன் அடி மூட்டு பாதத்தின் உள் ஓரத்தில் புடைத்துக் கொண்டு நிற்குமே, அதற்கு ஆங்கிலத்தில் இந்தப் பெயர். ஷூ உரசும், சிவக்கும், வலிக்கும். பார்க்கச் சின்ன விஷயம்தான். ஆனால் இதைச் சரி செய்ய இதுவரை நூற்றுக்கும் மேற்பட்ட ஆபரேஷன் முறைகள் வந்திருக்கின்றன. ஒரே நோய்க்கு இத்தனை வைத்தியம் என்றால் என்ன அர்த்தம்? எதுவுமே முழுசாகக் கைகொடுக்கவில்லை என்றுதானே!

இது புது வியாதியும் அல்ல. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் தோண்டி எடுக்கப்பட்ட 177 எலும்புக்கூடுகளை ஆராய்ந்து 2021-ல் ஒரு முடிவு வெளியானது. 11 முதல் 13-ம் நூற்றாண்டு வரை வாழ்ந்தவர்களில் 6 சதவீதம் பேருக்கு இந்தக் கோணல் இருந்ததாம். 14, 15-ம் நூற்றாண்டுகளில் அது 27 சதவீதம். அந்தச் சமயத்தில்தான் அங்கே கூர்மூக்கு ஷூ ஃபேஷனாகி இருந்தது. ஷூ மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது, பரம்பரைக்கும் பங்கு உண்டு. ஆனால் கூர்மூக்கு ஷூ நல்லது செய்யவில்லை என்பது நிச்சயம்.

சரி, வைத்தியத்துக்கு வருவோம். அந்தப் புடைப்பு ஏதோ புதிதாக வளர்ந்த கட்டி என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள். கட்டி என்றால் என்ன செய்வது? செதுக்கி எறிவது! ஆனால் பிரச்சினை கட்டியில் இல்லை, எலும்பின் கோணத்தில் இருந்தது. 19-ம் நூற்றாண்டில் ஜெர்மன் டாக்டர் கார்ல் ஹியூட்டர் இதை 'விரலின் சாய்வு' என்று பார்த்து, 'ஹாலக்ஸ் வால்கஸ்' என்ற பெயரை வைத்தார். 1881-ல் ஜெனீவாவின் ரெவெர்டின், எலும்பில் ஆப்பு வடிவில் ஒரு துண்டை வெட்டி எடுத்துக் கோணத்தையே திருத்தும் முறையை விவரித்தார்.

அடுத்து வந்தது 1904. அமெரிக்க ராணுவ டாக்டர் வில்லியம் கெல்லர், பெருவிரல் எலும்பின் அடிப்பகுதியையே வெட்டி எடுத்துவிடும் முறையை வெளியிட்டார். சுலபமான ஆபரேஷன். வலி போனது, விரலும் நேரானது. பல பத்தாண்டுகள் உலகம் முழுக்க இதைச் செய்தார்கள்.

ஆனால் வருடங்கள் போகப் போகத்தான் மறுபக்கம் தெரிந்தது. விரல் குட்டையானது. தரையை உந்தித் தள்ளும் பலம் குறைந்தது. சிலருக்கு விரல் மேல்நோக்கித் தூக்கிக் கொண்டது. பெருவிரல் தாங்காத பாரம் பக்கத்து விரல்களின் அடிக்குப் போய், அங்கே புது வலி ஆரம்பித்தது. ஒரு வலியை அடைக்க இன்னொரு வலியைக் கடன் வாங்கிய கதை! இன்று கெல்லர் முறையைப் பெரும்பாலும் அதிகம் நடக்காத வயதானவர்களுக்கு மட்டும் யோசிக்கிறார்கள்.

1928-ல் மெக்பிரைட் எலும்பை விட்டுவிட்டு, விரலை இழுக்கும் தசைநாரை மாற்றிப் பொருத்தினார். கூடவே மூட்டுக்கு அடியில் இருக்கும் ஒரு குட்டி எலும்பையும் எடுத்தார். விளைவு? சிலருக்கு விரல் நேர் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டது. அதனால் பிறகு வந்தவர்கள் அந்தக் குட்டி எலும்பைத் தொடாமல் விட்டார்கள். 1934-ல் லாபிடஸ், கோளாறின் வேர் பாதத்தின் நடுவில் இருக்கும் மூட்டில் என்று சொல்லி அதை ஒன்றாக இணைத்தார். 1981-ல் ஆஸ்டினும் லெவந்தனும் எலும்பை 'V' வடிவில் வெட்டி நகர்த்தும் செவ்ரான் முறையைப் பிரபலமாக்கினார்கள். தச்சர்கள் மரத்தை இணைக்கும் ஒரு முறையின் பெயரைத் தாங்கிய 'ஸ்கார்ஃப்' 1990-களில் பரவியது. முந்தைய ஆபரேஷனின் குறையைப் பார்த்துத்தான் அடுத்தது பிறந்திருக்கிறது, கவனித்தீர்களா?

இதில் வேடிக்கை என்னவென்றால், ஆபரேஷன் செய்தால் உண்மையிலேயே பலன் உண்டா என்பதை முறையாக ஒப்பிட்டுப் பார்த்ததே ரொம்பத் தாமதம்தான். பின்லாந்தில் 209 பேரைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு ஆபரேஷன், இன்னொன்றுக்கு ஷூவுக்குள் வைக்கும் தாங்கி, மூன்றாவதுக்கு வெறும் காத்திருப்பு. 2001-ல் முடிவு வந்தது. ஒரு வருடம் கழித்து ஆபரேஷன் செய்தவர்களே நன்றாக இருந்தார்கள். தாங்கி கொடுத்த நிவாரணம் கொஞ்ச காலத்துக்குத்தான்.

ஆனால் ஒரு வருடம் போதுமா? செவ்ரானையும் ஸ்கார்ஃபையும் ஒப்பிட்ட நெதர்லாந்து ஆய்வு ஒன்று, அதே நோயாளிகளை 14 வருடம் கழித்துத் திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தது. 2016-ல் முடிவு வெளியானது. எக்ஸ்ரேவில் பார்த்தால் இரண்டு முறைகளிலுமே ஏறக்குறைய முக்கால்வாசிப் பாதங்களில் சாய்வு 15 டிகிரிக்கு மேல் திரும்பி வந்திருந்தது! அப்படியானால் எல்லாமே தோல்வியா? அதுதான் இல்லை. மறுபடி ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் மிகச் சிலரே. எக்ஸ்ரேவில் கோணல், நடையில் சமாளிப்பு.

ஆக, 'விரல் எவ்வளவு நேராக வரும்?' என்ற கேள்வியை விட 'வலி குறையுமா, பல வருடம் கழித்தும் நடக்க முடியுமா?' என்பதுதான் சரியான கேள்வி. அழகுக்காக மட்டும் இந்த ஆபரேஷன் வேண்டாம், வலி நடமாட்டத்தைக் கெடுத்தால் மட்டும் யோசியுங்கள் என்று டாக்டர்கள் சொல்வதும் இதனால்தான். கெல்லர் முறையின் நட்டம் தெரிய எத்தனையோ பேருடைய கால்கள் வருடக்கணக்கில் நடக்க வேண்டியிருந்தது. கட்டுப் பிரிக்கும் நாளில் நேராகத் தெரியும் விரல் முதல் மாத லாபம் மாதிரி. ஐந்தொகை போட இன்னும் பல வருடம் ஆகும்.