தோட்டமும் தோட்டாவும்

அமெரிக்காவில் பலருக்கு இது ஓய்வுநேர வேலை. பழைய ஈயத்தை உருக்கி, அச்சில் வார்த்து, துப்பாக்கிக் குண்டுகளை வீட்டிலேயே செய்துகொள்கிறார்கள். அதற்கான அச்சும் கைப்பிடி இயந்திரமும் அங்கே கடைகளில் கிடைக்கின்றன. அதே வேலையை ஈப்போவில் ஒருவர் உரிமம் இல்லாமல் தம் வீட்டுப் பின்கட்டில் செய்தால், போலீஸ் வாகனம் வாசலுக்கு வந்துவிடும். ஓரிடத்தில் பொழுதுபோக்கு, இன்னோரிடத்தில் பெருங்குற்றம். ஏன் இந்த வேறுபாடு? விடையின் பெரும்பகுதி பேராக் ரப்பர் தோட்டங்களின் வரலாற்றில் இருக்கிறது.

முதலில் அந்த வேலை என்ன என்று தெரிந்துகொள்வது நல்லது. அச்சிலிருந்து வரும் குண்டு பெரும்பாலும் தேவைக்குச் சற்றே பெருத்திருக்கும். அதை ஓர் எஃகு வளையத்தின் துளை வழியே கைப்பிடியால் அழுத்தித் தள்ளிச் சரியான அளவுக்குக் கொண்டுவருவார்கள். குண்டைச் சுற்றியுள்ள பள்ளங்களில் மெழுகு கலந்த கொழுப்பையும் ஏற்றுவார்கள். குழாய்க்குக் குண்டு சிறுத்தால் வாயு பக்கவாட்டில் கசிந்து குறி தவறும், பெருத்தால் சிக்கிக்கொள்ளும். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இங்கே பெரிய வித்தியாசம்தான். இயந்திரமும் அடிக்கடி தொல்லை கொடுக்கும். பழைய கொழுப்பு கெட்டியாகி அடைத்துக்கொள்ளும்; வளையத்தில் ஈயம் ஒட்டும்; தள்ளும் தண்டு மையம் விலகினால் குண்டு கோணலாக வரும். சுத்தம் செய்து, துளையை மீண்டும் அளந்த பிறகே வேலை தொடரும்.

இந்த அளவும் கொழுப்பும் தமிழருக்குப் புதிய செய்தியல்ல. 1857 இந்தியச் சிப்பாய்ப் புரட்சிக்குத் தீமூட்டியது என்ஃபீல்டு துப்பாக்கியின் தோட்டாவில் தடவிய கொழுப்பு. பசுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு என்று சிப்பாய்கள் கொதித்ததைப் பள்ளிப் பாடத்திலேயே படித்திருப்போம். பாடத்தில் இல்லாத செய்தி ஒன்று உண்டு. அந்தத் துப்பாக்கியின் குண்டு இந்திய வெயிலில் குழாய்க்குள் எளிதில் இறங்க மறுத்தது. பிறகு அதன் குறுக்களவு 0.568 அங்குலத்திலிருந்து 0.55 அங்குலமாகக் குறைக்கப்பட்டது.

ஈயத்தோடு கொஞ்சம் வெள்ளீயம் சேர்த்தால்தான் உலோகம் அச்சின் மூலைமுடுக்கெல்லாம் நன்றாக நிரம்பும். அந்த வெள்ளீயத்துக்கு உலகப் புகழ் பெற்ற இடம் பேராக்கின் கிந்தா பள்ளத்தாக்கு. ஈப்போ வளர்ந்ததே ஈயச் சுரங்கங்களால்தான். குண்டுக்கு வேண்டிய உலோகத்தைத் தோண்டியெடுத்து உலகுக்கு அனுப்பிய அதே மண்ணில், ஒரு தோட்டாவை வைத்திருப்பதே உயிருக்கு ஆபத்தாகும் காலமும் வந்தது.

1948 ஜூன் 16ஆம் தேதி, ஈப்போவுக்கு வடக்கே சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் எல்பில் தோட்ட நிர்வாகி. இரண்டே நாளில் அவசரகாலம் மலாயா முழுவதும் பரவியது. ஜப்பானியரை எதிர்த்துப் போரிட்டவர்களிடம் இருந்த ஆயுதங்களில் ஒரு பகுதி, 1945 டிசம்பரில் அந்தப் படை கலைக்கப்பட்டபோது ஒப்படைக்கப்படாமல் காட்டில் மறைக்கப்பட்டிருந்தது. துப்பாக்கி பழுதானால் கொல்லனைக் கொண்டு சீர்செய்துவிடலாம். தோட்டா தீர்ந்தால் அது வெறும் இரும்புத் தடி. இராணுவத் துப்பாக்கிக்கு வேண்டிய தோட்டாவை ஈயம் வார்த்துக் காட்டில் செய்துவிட முடியாது. பித்தளைக் கூடும் வெடிமருந்தும் தீப்பற்றும் மூடியும் வேண்டும். எனவே அரசாங்கம் துப்பாக்கியோடு தோட்டாவையும் குறிவைத்தது. உரிமமின்றித் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தால் மரண தண்டனை என்று அவசரகால விதி சொன்னது.

இந்த விதி இரண்டு தமிழர்களை இரு வேறு முடிவுகளுக்குக் கொண்டு சென்றது.

ஒருவர் எஸ்.ஏ. கணபதி. தஞ்சை மாவட்டத்தில் பிறந்தவர். அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவர். 1949 மார்ச்சில் ரவாங் வட்டாரத்தில் கைத்துப்பாக்கியோடும் 6 தோட்டாக்களோடும் பிடிபட்டார். வழியில் கிடைத்த துப்பாக்கியைப் போலீசில் ஒப்படைக்கச் சென்றதாகச் சொன்னார். நீதிமன்றம் ஏற்கவில்லை. இந்திய அரசின் வேண்டுகோளும் பலிக்கவில்லை. 1949 மே 4ஆம் தேதி கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார்.

மற்றவர் சம்பசிவம். 1948இல் ஜொகூரில் துப்பாக்கி ஏந்தியதாக ஒரு குற்றச்சாட்டு, 10 தோட்டாக்கள் வைத்திருந்ததாக இன்னொன்று. தோட்டா வழக்கில் விடுதலை கிடைத்தது. துப்பாக்கி வழக்கு மறுவிசாரணைக்குப் போய், அங்கே மரண தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீடு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. இரண்டையும் ஒப்புக்கொள்வதாகச் சொல்லப்பட்ட ஒரே வாக்குமூலத்தை அரசுத் தரப்பு மறுவிசாரணையிலும் அப்படியே பயன்படுத்தியிருந்தது. தோட்டா வழக்கில் கிடைத்த விடுதலை இறுதியானது, அதை ஒதுக்கிவிட்டு அந்த வாக்குமூலத்தை நம்பச் சொல்ல முடியாது என்று 1950இல் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்துத் தண்டனையை ரத்து செய்தது. அவர் உயிர் தப்பினார். பல நாட்டு நீதிமன்றங்கள் மேற்கோள் காட்டிய தீர்ப்பு அது.

அவசரகாலம் 1960 ஜூலை 31இல் முடிந்தது. அந்தப் பயம் சட்டத்தில் தங்கிவிட்டது. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 1971ஆம் ஆண்டு சுடும் ஆயுதங்கள் சட்டமும் அடுத்தடுத்து வந்தன. பாதுகாப்புப் பகுதியில் தோட்டா வைத்திருந்தால் தூக்கு என்று சொன்ன உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் 2012இல்தான் நீக்கப்பட்டது. நீதிபதிக்கு வேறு வழியே தராத கட்டாய மரண தண்டனை 2023 ஜூலையில் முடிவுக்கு வந்தது.

ஈப்போவைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்கள் பல இன்று செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. முள்வேலிக்குள் அடைபட்ட லயங்களையும், ஊரடங்கையும், ஒரு பக்கம் காட்டுக்கும் மறுபக்கம் போலீசுக்கும் பயந்து வாழ்ந்த பால்மரத் தொழிலாளிகளையும் இளைய தலைமுறை அறியாது. துப்பாக்கிக் கட்டுப்பாடு நாட்டுக்கு நல்லதுதான். அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் குண்டுக்கு மட்டுமல்ல, தண்டனைக்கும் அளவு வேண்டும். கணபதியைத் தூக்கிலிட்ட விதிக்கு அந்த அளவு இல்லை. அதைச் சரிசெய்ய இந்த நாட்டுக்கு எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.