மைதானத்தை எழுப்பும் ஓசை

2022 ஜூலை 28 அன்று மாலை, சென்னை நேரு உள்விளையாட்டு அரங்கில் 44-ஆவது செஸ் ஒலிம்பியாட் தொடங்கியது. ஆட்டங்கள் நடந்தது மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியில், எங்கள் தாம்பரத்துக்குத் தெற்கே. தொடக்க விழாவைச் சேலையூர் வீட்டில் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தோம். "செஸ்ஸுக்கு எதுக்கு தாத்தா இவ்ளோ மேளம்? அவங்க விளையாடுறப்ப இருமக்கூட மாட்டாங்களே" என்றான் பேரன்.

நான் தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் வட்டாரத்துப் பள்ளிகளில் பி.டி. வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவன். ஓசை இல்லாமல் ஒரு விளையாட்டு விழாவைத் தொடங்கியதே இல்லை. அவன் கேட்டதற்கு ஒரே வரியில் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. இது அந்தப் பதில்.

நம் மண்ணில் ஆட்டத்துக்கும் முழவுக்கும் உள்ள உறவு மிகப் பழையது. நிலத்தின் கருப்பொருள்களை வரிசைப்படுத்தும்போது தெய்வம், உணவு, மரம், தொழில் ஆகியவற்றோடு பறையையும் சேர்க்கிறது தொல்காப்பியம். ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு பறை. முல்லை நிலத்துக்கு உரையாசிரியர்கள் குறிக்கும் பறையின் பெயர் ஏறுகோட்பறை. காளையை அடக்கும் விளையாட்டுக்கென்றே ஒரு தோற்கருவி இருந்திருக்கிறது. அதை அந்த நிலத்தின் அடையாளங்களில் ஒன்றாகவே நம் முன்னோர் எண்ணினார்கள்.

எங்கள் தென்புறநகரில் இன்னொரு ஓசையும் வந்து சேர்ந்தது. ஆங்கிலேயர் காலத்தில் பரங்கிமலை, மதராஸ் பீரங்கிப் படையின் தலைமையிடம். பல்லாவரத்திலும் ராணுவக் குடியிருப்பு இருந்தது. படை இருந்தால் பேண்டும் இருக்கும். ராணுவப் பேண்டின் மெட்டுகளைக் கேட்ட முத்துசாமி தீட்சிதர், அவற்றுக்கு வடமொழியில் சாகித்தியம் எழுதினார். நோட்டுஸ்வரம் என்று இன்றும் குழந்தைகள் பாடிப் பழகுவது அவற்றைத்தான். நாளடைவில் பேண்டு, பாளையத்தை விட்டுத் தெருவுக்கு வந்தது. கல்யாண ஊர்வலத்தில் பேண்டு செட்டாக நடந்தது. பள்ளி மைதானத்தில் மார்ச் பாஸ்ட்டுக்கு முன்னால் நின்றது. 1963-இல் பரங்கிமலையில் ராணுவ அதிகாரிகளின் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. அங்கிருந்து ஓய்வுபெற்ற ஒரு பேண்டு கலைஞர்தான் என் மாணவர்களுக்கு டிரம் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தார்.

அவரிடம் நான் கற்ற முதல் பாடம், பெரிய டிரம்மின் அடி இடது கால் தரையில் படும்போது விழ வேண்டும் என்பது. நடை நிமிடத்துக்கு 120 காலடி. ஒத்திகையில் நான் விசில் ஊதியும் "லெஃப்ட், லெஃப்ட்" என்று கத்தியும் தொண்டை கட்டிப்போகும். வரிசை மட்டும் நேராகாது. நெட்டைப் பையன் எட்டிப் போவான், குட்டைப் பையன் ஓடுவான். டிரம் விழுந்ததும் பத்தே அடியில் எல்லாக் கால்களும் ஒன்றாகிவிடும். யாரும் எண்ணிக்கொண்டு நடப்பதில்லை. அந்தத் தாழ்ந்த ஓசை காதில் விழுவதோடு நெஞ்செலும்பிலும் அதிரும். கால் தானாகக் கேட்டுக்கொள்ளும். வீட்டில் சாப்பிடாமல் வந்த பிள்ளை, ஷூ இல்லாமல் கடன் வாங்கிப் போட்டுவந்த பிள்ளை, தோற்றுவிடுவோம் என்று பயந்து நிற்கும் பிள்ளை, எல்லோரும் அந்த அடியில் நிமிர்வதைப் பார்த்திருக்கிறேன். தொடக்க விழா இசையின் ஆற்றல் எதுவென்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். தனித்தனியாக வந்தவர்களை ஆட்டத்துக்கு முன்பே அது ஒரு கூட்டமாக்குகிறது.

உலக அரங்குகளும் இதை அறிந்தே நடந்திருக்கின்றன. 1896-இல் ஏதென்ஸில் நவீன ஒலிம்பிக் தொடங்கியபோதே ஸ்பிரிடான் சமாரஸ் இசையமைத்த ஒலிம்பிக் கீதம் பாடப்பட்டது. 1958-இல் அது அதிகாரபூர்வ கீதமானது. 1984-இல் லாஸ் ஏஞ்சலீஸ் தொடக்க விழாவில் 84 பியானோக்கள் ஒன்றாக ஒலித்தன. எனக்கு நெருக்கமானது அதற்கும் இரண்டு ஆண்டு முந்தையது. 1982 நவம்பர் 19 அன்று டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி தொடங்கியபோது நான் கல்லூரி மாணவன். எங்கள் தெருவில் தொலைக்காட்சி இருந்த ஒரே வீட்டின் கூடத்தில் தெருவே உட்கார்ந்திருந்தது. ரவிசங்கர் அமைத்த வரவேற்புப் பாடல் இந்தியில் ஒலித்தது. எங்களில் பலருக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனாலும் அணிகள் உள்ளே நுழைந்தபோது கூடத்தில் இருந்த பெரியவர்கள் எழுந்து நின்றார்கள். நானும் நின்றேன். பி.டி. வாத்தியார் ஆக வேண்டும் என்ற எண்ணம் எனக்கு அன்றுதான் உறுதிப்பட்டது.

பிறகு நம் ஓசையே வெளியே போனது. 2012 லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவுக்கு ஏ.ஆர். ரஹ்மான் ஒரு பஞ்சாபிப் பாடல் செய்து கொடுத்தார். 1981-இல் வந்த 'ராம் லட்சுமண்' படத்துக்கு இளையராஜா அமைத்த ஒரு பாட்டும் அந்த விழாவுக்கான பட்டியலில் இடம்பெற்றது. செய்தித்தாளில் படித்த அன்று ஆசிரியர் அறையில் மிட்டாய் கொடுத்தேன்.

ஆனால் உள்ளூரில் நம் ஓசைக்கு மரியாதை எளிதில் கிடைக்கவில்லை. ஒருமுறை நான் வேலை பார்த்த பள்ளியின் விளையாட்டு விழாவைப் பறையோடு தொடங்கலாம் என்று கேட்டேன். எங்கள் மாணவன் ஒருவனின் அப்பா நல்ல பறைக் கலைஞர். "சாவு மேளத்தைப் பள்ளிக்கூடத்துக்குள்ள விடுறதா?" என்று கூட்டத்திலேயே மறுத்துவிட்டார்கள். அந்தப் பையனும் அங்கே நின்றிருந்தான். அவன் முகம் இன்றும் என்னை விட்டுப் போகவில்லை. ஏறு தழுவலுக்கு முழங்கிய கருவியைச் சாவுக்கு மட்டும் உரியதாக்கி, அதை அடிப்பவரை ஊருக்கு வெளியே நிறுத்தியது சாதிதான். பறையில் எந்தக் குறையும் இல்லை. 2007-இல் தொடங்கிய சென்னை சங்கமம் விழா, பறையை நகரத்துப் பூங்காக்களுக்கும் கடற்கரைக்கும் கொண்டுவந்தது. 2025-இல் பறையாசான் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

இந்த வரலாற்றோடுதான் நான் 2022-இன் அந்த மாலையைப் பார்த்தேன். அந்த ஒலிம்பியாட் மாஸ்கோவில் நடக்கவேண்டியது. உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்ததால் அங்கிருந்து எடுக்கப்பட்டு, மார்ச் மாதத்தில் சென்னைக்குக் கிடைத்தது. நான்கே மாதத்தில் விழாவை ஏற்பாடு செய்தார்கள். 180-க்கும் மேற்பட்ட நாட்டு அணிகள் வந்தன. கமல்ஹாசன் குரலில் தமிழர் வரலாறு மேடையில் விரிந்தது. லிடியன் நாதஸ்வரம் என்ற இளைஞர் இரண்டு பியானோக்களை ஒரே நேரத்தில் வாசித்தார். பாடகிகள் தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் 'எஞ்சாயி எஞ்சாமி' பாடினார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்தவர்களின் நினைவிலிருந்தும் ஒப்பாரியிலிருந்தும் எழுந்த பாட்டு அது. உலகத்தின் முன் அது ஒலித்தபோது எனக்குக் கண் கலங்கியது. அந்தப் பாட்டுக்குச் சொல்லும் குரலும் தந்த பாடகர் அறிவு அன்று மேடையில் இல்லை. அடுத்த சில நாட்களில் பாட்டின் உரிமை யாருக்கு என்ற கேள்வி எழுந்தது. நியாயமான கேள்வி. ஓசையைக் கொண்டாடும் ஊர், அதை உண்டாக்கியவர் பெயரையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

விழா முடிந்து அரங்கில் அமைதி வந்தது. பூஞ்சேரியில் காய்கள் நகர்ந்தன. பெண்கள் பிரிவில் தங்கம் வென்றது, போரின் நடுவிலிருந்து வந்த உக்ரைன் அணி. பேரன் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான்: அமைதியான ஆட்டத்துக்குத்தான் மேளம் இன்னும் அதிகமாக வேண்டும். பலகைக்கு முன் ஒவ்வொருவரும் தனியே உட்காரப் போகிறார்கள். அதற்கு முன் ஒருமுறையாவது எல்லோருடைய நெஞ்சும் ஒரே அடியில் அதிரட்டும்.

இப்போது நம் பள்ளி விளையாட்டு விழாக்களில் வாடகை ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு ஓடுகிறது; பிள்ளைகள் அதற்கேற்ப நடக்கிறார்கள். தலைமை ஆசிரியர்களையும் பி.டி. வாத்தியார்களையும் கேட்டுக்கொள்கிறேன். ஸ்பீக்கருக்குக் கொடுக்கும் பணத்தில் பாதியை நான்கு பறைகளுக்கும், அவற்றைக் காய்ச்சி அடிக்கக் கற்றுத்தரும் ஓர் ஆசானுக்கும் கொடுங்கள். பழைய பேண்டு டிரம்களையும் அறையிலிருந்து வெளியே எடுத்துத் தோல் மாற்றுங்கள். இரண்டையும் பிள்ளைகளே அடிக்கட்டும். கற்றுத்தந்தவருக்கு உரிய கூலியைக் கையில் கொடுங்கள். அவர் பெயரை மேடையில் ஒலிபெருக்கியில் சொல்லுங்கள்.