எட்கர் தாம்சன் எஃகாலை

அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகருக்கு அருகே, மொனங்கஹேலா ஆற்றங்கரையிலுள்ள பிராடக் ஊரில் அமைந்த எஃகாலை. ஆண்ட்ரூ கார்னகியும் கூட்டாளிகளும் நிறுவிய இது 1875இல் உற்பத்தியைத் தொடங்கியது. 1755இல் பிரெஞ்சுக்காரர்களிடமும் பழங்குடிப் படையினரிடமும் ஆங்கிலத் தளபதி பிராடக் தோற்ற களமே ஆலைக்கு இடமாயிற்று. பென்சில்வேனியா ரயில்வேயின் தலைவர் எட்கர் தாம்சனின் பெயரைச் சூட்டினார்கள். முதலில் கிடைத்த வேலையும் அந்த ரயில்வேக்கு 2,000 தண்டவாளங்கள் செய்து தருவதுதான். கார்னகிக்கு வியாபாரம் தெரியும்.

இங்கே கையாளப்பட்டது பெஸ்ஸமர் முறை. உருகிய இரும்புக்குள் காற்றை ஊதினால் அதிலுள்ள கரி எரிந்து நீங்கி எஃகு கிடைக்கும். இங்கிலாந்தில் பெஸ்ஸமர் 1856இல் காப்புரிமை பெற்றார். கென்டக்கியைச் சேர்ந்த வில்லியம் கெல்லி தாமே முந்தியவர் என்றார். அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் 1857இல் அதை ஏற்றது. கெல்லி உண்மையில் எஃகுதான் எடுத்தாரா என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போகவில்லை. ஆலையை வடிவமைத்தவர் அலெக்சாண்டர் ஹாலி. சரக்கு வந்துபோகும் ரயில் பாதையை முதலில் வரைந்து, கட்டடங்களை அதற்கேற்ப வைத்தார்.

ஆலையை நடத்தியவர் கேப்டன் பில் ஜோன்ஸ். உள்நாட்டுப் போரில் பணியாற்றியவர். பங்குதாரராகச் சேர கார்னகி அழைத்தபோது, பங்கு வேண்டாம், பெரிய சம்பளம் போதும் என்றார். கிடைத்தது ஆண்டுக்கு 25,000 டாலர். இது குடியரசுத் தலைவரின் சம்பளத்துக்கு இணை என்று பல நூல்கள் எழுதுகின்றன. ஆனால் தலைவரின் சம்பளம் 1873இலேயே 50,000 டாலர் ஆகிவிட்டது. பல ஊதுலைகளின் உருகிய இரும்பை ஒரே கலத்தில் சேர்த்துச் சீராக்கும் கலவைக்கலன் ஜோன்ஸின் கண்டுபிடிப்பு. உலையருகே 12 மணி நேர வேலையை மனித உடம்பு தாங்காது என்று எட்டு மணி நேர முறையைக் கொண்டுவந்தார். 1888இல் கார்னகி பழைய முறைக்கே திரும்பினார். மறு ஆண்டு ஜான்ஸ்டவுன் நகரை வெள்ளம் அழித்தபோது, ஜோன்ஸ் ஏறத்தாழ 300 தொழிலாளர்களுடன் மீட்புப் பணிக்குப் போனார். அதே ஆண்டு செப்டம்பரில் ஊதுலை விபத்தில் காயமுற்று இறந்தார். 1889இல்தான் பிராடக்கில் கார்னகி நூலகமும் திறக்கப்பட்டது. வேலை முடித்து வருவோர் அழுக்குப் போகக் குளிக்க அதன் கீழ்த்தளத்தில் குளியலறைகள் இருந்தன.

1892இல் தொழிலாளர்களுக்கும் நிறுவனம் வரவழைத்த காவலாட்களுக்கும் நடந்த ஹோம்ஸ்டெட் மோதல் அண்டையிலிருந்த வேறொரு கார்னகி ஆலையில் நிகழ்ந்தது; இறந்தோர் எண்ணிக்கை நூலுக்கு நூல் மாறுபடுகிறது. 1901இல் கார்னகியின் நிறுவனம் முழுவதும் 48 கோடி டாலருக்கு வங்கியாளர் ஜே.பி. மார்கன் குழுவிடம் போய், யுஎஸ் ஸ்டீலின் பகுதியானது. இருபதாம் நூற்றாண்டில் பெஸ்ஸமர் முறை வழக்கொழிந்தது. யுஎஸ் ஸ்டீலை 2025இல் ஜப்பானின் நிப்பான் ஸ்டீல் வாங்கியது. ஆலை இயங்கிவருகிறது.