ஒரு பொருள், பல சொல்

இருப்பது சிறுகச் சிறுகக் குறைவதைச் சொல்லும் நான்கு சொற்களைத் தொல்காப்பியர் ஒரே வரிசையில் நிறுத்தினார்: ஓய்தல், ஆய்தல், நிழத்தல், சாய்தல். முன்பிருந்த நிலையிலிருந்து நுணுகிப் போவது என்பதுதான் நான்குக்கும் பொருள் என்று முடித்தார். உரியியலில் இப்படிப் பல சொற்கூட்டங்களை அவர் சேர்த்து வைத்தார். ஆனால் அவர் எழுதியது இலக்கணம். வேண்டிய சொல்லைத் தேடி எடுப்பதற்கென்றே ஒரு நூல் பிறக்கத் தமிழ் இன்னும் பல நூற்றாண்டுகள் காத்திருந்தது.

அந்த நூல் நிகண்டு என்ற பெயரில் வந்தது. திவாகரர் உலகத்தையே பன்னிரண்டு தொகுதிகளாகப் பிரித்தார். தெய்வத்தில் தொடங்கி மக்கள், விலங்கு, மரம், இடம் என்று நகர்ந்து பண்பு, செயல், ஒலி வரைக்கும் போனார். யானை என்றால் களிறு, வேழம், கரி, வாரணம் என எல்லாப் பெயரும் ஓரிடத்தில் கிடைத்தன. பின்னால் வந்த மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டைத் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் தலைகீழாக ஒப்பித்தார்கள். சிக்கலும் அங்கேதான் இருந்தது. பாட்டு மனப்பாடம் ஆகாதவருக்கு நிகண்டு திறக்காத பெட்டி. 1594இல் சிதம்பர ரேவண சித்தர் சொற்களை முதலெழுத்து வரிசையில் அடுக்கி 'அகராதி நிகண்டு' செய்தார். அதுவும் செய்யுளாகவே இருந்ததால் பூட்டு பாதிதான் திறந்தது. மீதிப் பாதியைத் திறந்தவர் தமிழ்நாட்டில் பிறந்தவரே அல்ல.

இத்தாலியில் 1680இல் பிறந்த கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி, முப்பது வயதைத் தாண்டித் தமிழ் கற்றவர். தமிழர்கள் அவரை வீரமாமுனிவர் என்று அழைத்தார்கள். இளமையில் திண்ணையில் உட்கார்ந்து நிகண்டை ஒப்பிக்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. அந்தக் குறையே தமிழுக்கு வரமானது. 1732இல் அவர் செய்த சதுரகராதியில் நான்கு பகுதிகள் இருந்தன. ஒரு சொல்லின் பல பொருள்களைத் தந்தது பெயரகராதி. தொகைப் பெயர்களை விரித்தது தொகையகராதி. எதுகைக்கு உதவியது தொடையகராதி. இரண்டாம் பகுதிதான் புதுமை. ஒரு பொருளைத் தலைப்பாக வைத்து, அதைக் குறிக்கும் பல சொற்களையும் கீழே அடுக்கியது பொருளகராதி. தலைப்புகளும் அகர வரிசையில் நின்றதால் பாட்டு தெரியாதவரும் தேடி எடுக்க முடிந்தது. ஆனால் நூல் அச்சேறவில்லை. ஓலையிலும் கையெழுத்திலும் படியெடுக்கப்பட்டு ஏறத்தாழ 90 ஆண்டுகள் அது கரையானுக்கும் ஈரத்துக்கும் தப்ப வேண்டியிருந்தது.

கதை அடுத்துச் சென்னைக்கு வந்தது. 1812இல் இங்கே புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி தொடங்கியது. கிழக்கிந்தியக் கம்பெனியின் இளம் அதிகாரிகளுக்குத் தென்னாட்டு மொழிகளைக் கற்பிப்பது அதன் வேலை. பின்னாளில் அது நுங்கம்பாக்கத்தில் குடியேறியதால்தான் அங்கே ஒரு காலேஜ் ரோடு உண்டு. கல்லூரியின் உயிராக இருந்தவர் பிரான்சிஸ் ஒயிட் எல்லிஸ். திருக்குறளில் தோய்ந்தவர், தென்னாட்டு மொழிகள் தனிக் குடும்பம் என்பதை 1816இலேயே அச்சில் சொன்னவர். கல்லூரிக்கென ஓர் அச்சகமும் அமைந்தது. எல்லாம் கூடிவந்த நேரத்தில், 1819 மார்ச்சில் இராமநாதபுரத்தில், தவறுதலாக உட்கொண்ட நஞ்சு எல்லிஸின் உயிரைப் பறித்தது. மதுரையில் இருந்த அவருடைய காகிதங்கள் பல மாதம் சமையல்காரர் அடுப்பு மூட்டப் பயன்பட்டன என்று பின்னாளில் சென்னை அரசின் அதிகாரி வால்டர் எலியட் எழுதினார். ஒரு மேதையின் உழைப்பு சாம்பலானது. சதுரகராதியும் அதே வழியில் போயிருக்கலாம்.

போகவில்லை. கல்லூரியின் தமிழாசிரியர்கள் தாண்டவராய முதலியாரும் இராமச்சந்திர கவிராயரும் அந்த நூலைக் கையில் எடுத்தார்கள். சுவடிகளை ஒப்பிட்டுத் திருத்தி, 1824இல் முழு நூலையும் சென்னையில் அச்சேற்றினார்கள். அதே 1824இல் லண்டனில் ஒரு மருத்துவர் ராயல் சொசைட்டியில் ஒரு கட்டுரை படித்தார். கண்ணில் பதிந்த உருவம், பொருள் நகர்ந்த பிறகும் நொடிப்பொழுது மறையாமல் நிற்பதைக் கொண்டு ஒரு காட்சி மயக்கத்தை விளக்கிய கட்டுரை அது. அவரிடம் யாரும் பார்க்காத இன்னொரு காகிதக் கட்டும் தூங்கிக்கொண்டிருந்தது.

பீட்டர் மார்க் ரோஜெட் அந்தக் கட்டை 1805இல் தொடங்கியிருந்தார். எழுதும்போது தமக்குச் சரியான சொல் கிடைக்காத குறையைப் போக்க, பொருள் வாரியாகச் சொற்களைத் திரட்டிய சொந்தப் பட்டியல் அது. வெளியிடும் எண்ணம் அப்போது இல்லை. அவர் வாழ்க்கையில் துயரம் குறுக்கிட்டபடியே இருந்தது. தம்மை வளர்த்துவிட்ட தாய்மாமன் சாமுவேல் ரோமிலி, மனைவி இறந்த துக்கத்தில் 1818இல் தம் உயிரை மாய்த்துக்கொண்டபோது பக்கத்தில் இருந்தவர் ரோஜெட். ராயல் சொசைட்டியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வகித்த செயலாளர் பதவியும் பூசலுக்கு நடுவே முடிந்தது. எழுபதை நெருங்கிய மனிதரின் காலம் முடிந்தது என்றே எவரும் நினைத்திருப்பார்கள். அப்போதுதான் அவர் பழைய காகிதக் கட்டைப் பிரித்தார்.

1852இல், தமது 73ஆம் வயதில், ரோஜெட் அதைப் புத்தகமாக்கினார். மனிதச் சிந்தனை முழுவதையும் 1000 தலைப்புகளில் அடக்கினார். 36ஆம் தலைப்பு, குறைதல். தேய்வது, வடிவது, சுருங்குவது, சரிவது ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்கள் அங்கே ஒன்றுகூடின. இருண்டு மங்குவது 422ஆம் தலைப்புக்கும், கெட்டுச் சீரழிவது 659ஆம் தலைப்புக்கும் போயின. முன்னுரையில் ரோஜெட் ஓர் உண்மையையும் பதிவு செய்தார். தமக்குத் தெரிந்தவரை இத்தகைய முயற்சிகளில் மிகப் பழையது இந்தியாவின் சமஸ்கிருத நிகண்டான அமரகோசம் என்றார். 1808இல் செராம்பூரில் அச்சான கோல்புரூக்கின் ஆங்கில மொழிபெயர்ப்பு வழியாக அதை அவர் அறிந்திருந்தார். சென்னையில் 28 ஆண்டுகளுக்கு முன்பே அச்சாகியிருந்த பொருளகராதி அவர் பட்டியலில் இடம்பெறவில்லை. அவருடைய நூல் உலகம் சுற்றியது. அவர் கண்மூடும் முன்பே இருபதுக்கும் மேற்பட்ட பதிப்புகள் வந்தன. அதன் பெயர் தெசாரஸ்.

தொல்காப்பியரின் நான்கு சொற்கள் என்ன ஆயின? அவை இடம்பெற்ற தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையோடு 1868இல் சி.வை. தாமோதரம் பிள்ளை பதிப்பித்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவர் அவர். செல்லரித்த ஏடுகளிலிருந்து, நுணுகி மறைவதற்கான சொற்களே மறைந்து போகாமல் காப்பாற்றப்பட்டன.

இன்று தி.நகரில் வேலை விண்ணப்பம் எழுதுபவரும் அடையாறில் ஆராய்ச்சிக் கட்டுரை முடிப்பவரும் கைபேசியில் ஓர் ஆங்கிலச் சொல்லைத் தட்டினால் அதன் உறவுச் சொற்கள் அத்தனையும் திரையில் வந்து நிற்கின்றன. ஃபேட், வேன், எப், டுவிண்டில், விதர், டிக்ளைன். சாயம் போனால் ஃபேட், நிலவு தேய்ந்தால் வேன், கடல் ஓதம் வடிந்தால் எப், எண்ணிக்கை குறைந்தால் டுவிண்டில், செடி வாடினால் விதர், செல்வாக்கு சரிந்தால் டிக்ளைன். பட்டியல் சொற்களை நீட்டும்; குறைவது எது என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பது எழுதுபவரின் வேலை. தமிழிலும் அப்படித்தான். சாயம் வெளுக்கும், நிலா தேயும், வெள்ளம் வடியும், பூ வாடும். ஒன்றுக்கு இன்னொன்றை மாற்றிப் போட்டால் காது உடனே கண்டுபிடித்துவிடும்.

அந்தத் தேர்வுக்கு உதவும் கருவியை ரோஜெட்டின் பெயரால் உலகம் அறிகிறது. அவருடைய அரை நூற்றாண்டு உழைப்புக்கு அந்தப் பெருமை தகும். ஆனால் அவர் நூலுக்கு 120 ஆண்டுகளுக்கு முன்பே தமிழில் பொருளகராதி இருந்தது, அது சென்னையில் அச்சானது என்பதைச் சேர்க்காமல் எழுதப்படும் தெசாரஸின் வரலாறு முழுமையானதல்ல. தமிழ்ப் பள்ளிப் புத்தகங்களாவது இதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.